மங்கோ பார்க்கின் இரு பயணங்கள்

வேற்று நாடு செல்வோன் அந்நாட்டாரை ஐயுறுகிறான்; அந்நாட்டாரும் அவனை ஐயுறுகின்றனர். இவ்விரு ஐயங்களும் தீரும் வழி யாது? ஸ்காட்லாந்து நாட்டு மங்கோ பார்க்கின் வாழ்க்கை இதற்கு விடை தருகிறது. ஒரே ஆற்றை நாடி அவர் இருமுறை சென்றார். முதன்முறை மீண்டார், மறுமுறை மீளவில்லை.

செல்கர்க் என்னும் ஊரின் அருகே 1771-ஆம் ஆண்டு பிறந்த பார்க், எடின்பரோவில் மருத்துவம் பயின்றார். கப்பல் மருத்துவராய்ச் சுமத்திரா வரை சென்று வந்தார். நைஜர் ஆறு எத்திசை நோக்கி ஓடுகிறதென்று ஐரோப்பியர் திட்டமாய் அறியாத காலம் அது. அதனை அறிந்துவர, லண்டனிலிருந்த ஆப்பிரிக்கச் சங்கத்தார் 1795-இல் அவரை அனுப்பினர்.

காம்பியா ஆற்றங்கரையில் பிசானியா என்னுமிடத்தில் சில திங்கள் தங்கிய பார்க், அங்கே மாண்டிங்கோ மொழியைக் கற்றார். பின்னர்ச் சிலரே துணையாக உள்நாடு நோக்கிப் புறப்பட்டார். வழியில் லுடமார் நாட்டுத் தலைவன் அலி அவரைச் சிறைப்படுத்தினான். பசி, தாகம், ஏளனம் ஆகிய யாவும் பட்டு, 1796 ஜூலைத் தொடக்கத்தில் தனியே தப்பினார். இத்தனை துன்பமுற்றவர் இனி எவரையும் நம்பாதிருந்திருந்தால் நாம் வியப்படையோம்.

அம்மாதமே, இன்றைய மாலி நாட்டிலுள்ள செகு நகரருகே, நைஜர் கிழக்கு நோக்கி ஓடுவதைக் கண்ணாரக் கண்டார். ஆயினும் அரசன் அவரை ஆற்றைக் கடக்க விடவில்லை. தொலைவிலுள்ள ஒரு சிற்றூரில் தங்குமாறு ஆணையிட்டான். அவ்வூரார் அவரைக் கண்டு அஞ்சி எவ்வீட்டிலும் இடம் தரவில்லை. பகல் முழுதும் உணவின்றி மரத்தடியில் அமர்ந்திருந்தார். மாலையில் காற்று எழுந்தது, மழையும் வருவதாயிருந்தது. வயலிலிருந்து திரும்பிய பெண்ணொருத்தி அவர் நிலை கண்டு இரங்கி, குதிரைச் சேணத்தைத் தானே எடுத்துக்கொண்டு தன் குடிலுக்கு அழைத்துச் சென்றாள். மீன் சுட்டுக் கொடுத்து, பாய் விரித்தாள். அவ்வீட்டுப் பெண்டிர் இரவு நெடுநேரம் பஞ்சு நூற்றபடியே அவரைப் பற்றிப் பாட்டுக் கட்டிப் பாடினர். அவருக்கு மொழி தெரிந்திருந்ததால் அவர்களது இரக்கம் விளங்கிற்று. சட்டையில் எஞ்சியிருந்த நான்கு பித்தளைப் பொத்தான்களுள் இரண்டைக் காலையில் அப்பெண்ணுக்குக் கொடுத்தார். ஈவதற்கு அவரிடம் வேறொன்றும் இல்லை.

திரும்பும் வழியில் கள்வர் யாவற்றையும் பறித்தனர். கமாலியா என்னும் ஊரில் கர்பா டௌரா என்பவர் நோயுற்ற அவரை ஏறக்குறைய ஏழு திங்கள் தம் இல்லத்தில் காத்தார். கர்பா அடிமை வணிகர். அத்தொழிலை நாம் எவ்வாறு பொறுப்போம்? எனினும் பார்க் உயிர் பிழைத்தது அவரால்தான். 1797-இல் காம்பியா சேர்ந்ததும், பேசிய தொகையைப் போல் இரு மடங்கு அவருக்குக் கொடுத்தார். பார்க்கின் பயண நூல் 1799-இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது.

1805-இல் அரசாங்கம் அவரை மீண்டும் அனுப்பிற்று. இம்முறை ஏறக்குறைய 40 ஐரோப்பியர் உடன் சென்றனர். அவருட் பெரும்பாலோர் படைவீரர். ஆற்றில் படகு செலுத்தும் வேளையில், நோய்க்குத் தப்பி எஞ்சியோர் பார்க் உட்பட ஐவரே. கரையில் இறங்குவதில்லை என்று உறுதிகொண்டு, நெருங்கிவந்த தோணிகளைத் துப்பாக்கியால் விலக்கிச் சென்றனர். முன்பு குடிலில் பாய் பெற்றவர், இப்பொழுது படகையே கோட்டையாக்கிக் கொண்டார். 1806-இல் புஸ்ஸா என்னுமிடத்தில் படகு தாக்குண்டது. பார்க் ஆற்றில் மூழ்கி இறந்தார். உயிர் தப்பிய அடிமையொருவனின் வாய்மொழியாலேயே இச்செய்தி பின்னர் வெளிப்பட்டது.

முதற் பயணத்தில் அவருக்குத் துணை நின்றவை மொழியறிவும் வெறுங்கையுமே. தீயோரும் எதிர்ப்பட்டனர், ஆயினும் கதவு திறப்போர் வந்தபோது உள்ளே செல்ல அவர் தயங்கவில்லை. பிறமொழி பேசும் மக்களிடையே குடியேறி வாழும் நாம், அண்டை வீட்டாரின் மொழியில் நான்கு சொற்களேனும் கற்றுக்கொண்டு அவர்தம் வாயிலை அணுகுவோமாக.