பெயர் தெரியாத ஒரு குருவி: சலீம் அலி ‘பறவை மனிதர்’ ஆனது எப்படி?

பறவை பார்ப்பவர்கள், வாழ்நாளில் முதன்முறையாகப் பார்க்கும் இனத்தை ‘லைஃபர்’ என்பார்கள். இன்றைக்கு அப்படி ஒன்றைப் பார்த்தால் செல்போன் ஆப்பில் நொடியில் பெயர் தெரிந்துவிடும். நூறு வருஷத்துக்கு முன்னால் என்ன செய்திருப்பார்கள்? இந்தியாவின் ‘பறவை மனிதர்’ சலீம் அலியின் கதையே அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

பம்பாய் சிறுவன்

1896 நவம்பர் 12-ல் பம்பாயில் பிறந்தார். சின்ன வயசிலேயே பெற்றோரை இழந்தவரை மாமா அமிருதீன் தயாப்ஜி குடும்பம் வளர்த்தது. சுமார் பத்து வயதில், ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டார். பார்க்கச் சிட்டுக்குருவி மாதிரி இருந்தாலும் தொண்டையில் மஞ்சள் திட்டு. மாமாவுக்கும் அது என்னவென்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்ட், அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு விடவில்லை. பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை எல்லாம் காட்டினார், படிக்கப் புத்தகங்களும் கொடுத்தார்.

பட்டம் இல்லை, வேலையும் போச்சு

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக அமைந்துவிடவில்லை. கல்லூரிப் படிப்பை முடிக்கவில்லை. பர்மாவில் பார்த்த குடும்பத் தொழிலும் கைகொடுக்கவில்லை. பட்டம் இல்லாததால் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் வேலை கிடைக்கவில்லை. பம்பாய் அருங்காட்சியகத்தில் கிடைத்த வேலையிலிருந்து விடுப்பு எடுத்து ஜெர்மனி போய், பறவையியல் அறிஞர் ஸ்ட்ரெஸ்மனிடம் பயிற்சி பெற்றார். 1930-ல் திரும்பி வந்தால், நிதி இல்லை என்று அந்த வேலையும் இல்லை.

மனைவி தெஹ்மினாவோடு கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குப் போனார். அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டுவதை மாதக்கணக்கில் கவனித்தார். ஆண் பாதிக் கூட்டைக் கட்டி நிறுத்தும். பெண் வந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதியைக் கட்டும். அது முடிந்ததும் அடுத்த துணைக்காக அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும். எல்லோரும் தினமும் பார்க்கிற பறவைதான். ஆனால் இந்த விவரத்தை யாரும் இவ்வளவு தெளிவாகப் பதிவு செய்ததில்லை.

பிறகு ஹைதராபாத், திருவிதாங்கூர் எனப் பல சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்தார். கூடவே அலைந்த தெஹ்மினா 1939-ல் இறந்துபோனது பெரிய இடி. அதிலிருந்து மீண்டு, 1941-ல் ‘இந்தியப் பறவைகள்’ கையேட்டைக் கொண்டுவந்தார். பெயர் தெரியாத பறவையைப் பார்க்கும் சாதாரண ஆளுக்கும் அது ஒரு மில்லார்டாக அமைந்தது.

89 வயதில் ஒரு நல்ல சேதி

ஜெர்டன்ஸ் கோர்சர் என்ற பறவை 1900-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தேவிட்டது என்று நினைத்திருந்தார்கள். 1986-ல் ஆந்திராவின் கடப்பா பகுதியில் அதைத் திரும்பக் கண்டுபிடித்தது, அவர் வாழ்நாள் முழுக்க உழைத்த அதே பம்பாய் கழகம்தான். அடுத்த ஆண்டு ஜூன் 20-ல் சலீம் அலி காலமானார்.

கோவை ஆனைகட்டியில் உள்ள பறவையியல் ஆய்வு மையம் இன்றும் அவர் பெயரில் இயங்குகிறது. சுட்ட குருவியைப் பத்தோடு பதினொன்றாகத் தூக்கிப் போடாமல், இது என்ன என்று கேட்டு நடந்த ஒரு சிறுவனின் பெயர் அது.