நாடு முழுக்க ரயில்கள் 'மெட்ராஸ் நேரத்தில்' ஓடிய காலம்: யார் இந்த ஜான் கோல்டிங்ஹாம்?

பொத்தேரி ரயில் நிலையத்தில் கடிகாரம் பகல் 12 மணி காட்டும்போது சூரியன் உச்சிக்கு வந்திருக்காது. சராசரியாகப் பார்த்தால் இன்னும் 10 நிமிடம் பாக்கி. காரணம், நம்ம கடிகாரத்தில் இருப்பது பொத்தேரியின் நேரம் இல்லை. உத்தரப்பிரதேசத்தின் மிர்சாபூர் அருகே செல்லும் 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரம்.

ஆனால், ஒரு காலத்தில் இந்திய ரயில்கள் சென்னையின் நேரத்தைப் பார்த்துதான் ஓடின. அந்த நேரத்தைக் கணக்கிட்டவர் ஜான் கோல்டிங்ஹாம்.

யார் இவர்?

கிழக்கிந்திய கம்பெனியின் வானியலாளர். நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டப்பட்ட வானியல் ஆய்வுக்கூடம், மைக்கேல் டாப்பிங் 1796இல் இறந்தபின் இவர் பொறுப்புக்கு வந்தது. இன்றைய ராஜாஜி ஹாலை வடிவமைத்தவரும் இவர்தான். மாமல்லபுரம் சிற்பங்களைப் பற்றிக் கட்டுரையும் எழுதியிருக்கிறார்.

எப்படிக் கணக்கிட்டார்?

பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது. அப்படியென்றால் ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். வியாழனின் நிலவு அதன் நிழலில் மறையும் கணம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். அந்தக் கணத்தில் கிரீன்விச்சில் மணி என்ன, மெட்ராஸில் மணி என்ன என்று ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிஞ்சிடும். 1802இல் அவர் கண்ட விடை: கிரீன்விச்சைவிட மெட்ராஸ் 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால் இருக்கிறது.

ரயில்வே ஏன் இதை எடுத்தது?

அப்போது ஊருக்கு ஒரு நேரம். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடையே மட்டும் 1 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். இப்படி இருந்தால் ரயில் அட்டவணை எப்படிப் போடுவது? இரண்டுக்கும் நடுவில் இருந்த மெட்ராஸ் நேரம் ரயில்வேக்குக் கைகொடுத்தது. கோல்டிங்ஹாம் இதைப் பார்க்கவில்லை. அவர் இறந்தது 1849இல். இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியதே 1853இல்தான்.

பிறகு என்ன ஆச்சு?

1884இல் வாஷிங்டன் மாநாடு கிரீன்விச்சைப் பூஜ்ய தீர்க்கரேகையாக ஏற்றது. அதிலிருந்து 5 மணி 30 நிமிடம் முன்னால் என்று இந்தியாவின் பொது நேரம் 1906 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மெட்ராஸ் கடிகாரங்கள் சுமார் 9 நிமிடம் முன்னே தள்ளப்பட்டன. கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தங்கள் நேரத்தை முழுசா விட்டுவிடவில்லை.

சூரியன் ஊருக்கு ஊர் வேறு நேரம் காட்டும். எந்த ஊர் நேரத்தை எல்லோரும் பார்ப்பது என்பது மனிதர்கள் எடுக்கும் முடிவு. ஒரு காலத்தில் அந்த ஊர் நம்ம சென்னை. பழைய ஆய்வுக்கூடத்தின் கருங்கல் தூண் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது.