அடையாறின் இன்னொரு ஆலமரம்



அடையாறு என்றதும் நமக்கு ஆலமரம்தான் ஞாபகம் வரும். அங்கே இன்னொரு ஆலமரமும் இருக்கு. அதுதான் புற்றுநோய் மருத்துவமனை. அதை நட்டவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். பொம்பளப் பிள்ளைக்குப் படிப்பு எதுக்குன்னு ஊரே கேட்ட காலம் அது. ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டமும் பெற்றார். சென்னைச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினராகித் துணைத் தலைவராகவும் உயர்ந்தார். தேவதாசி முறை ஒழியவும், பெண்களின் திருமண வயது உயரவும் போராடினார்.

அவர் தங்கையைப் புற்றுநோய் கொண்டுபோயிற்று. அந்தத் துக்கத்தை அவர் வைராக்கியமாக மாற்றினார். ஊர் ஊராக நிதி திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் 12 படுக்கைகளோடு மருத்துவமனை பிறந்தது. 1968-ல் அவர் மறைந்தார், மரம் நிற்கிறது.

சென்னைப் பெண்களை நெடுங்காலம் அதிகம் தாக்கியது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். பரம்பரை வியாதியோன்னு பலரும் பயப்படுறாங்க. அம்மாவுக்கோ அக்காவுக்கோ வந்திருந்தால் ஆபத்து ஓரளவு கூடும் என்பது உண்மை. ஆனால் முக்கியக் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ். உடலுறவால் பரவும் இது மிகச் சாதாரணமானது. பெரும்பாலும் தானே போய்விடும். போகாமல் பல வருடம் தங்கினால்தான் வினை. இளவயதுத் திருமணம், பல பிரசவங்கள், புகைப்பழக்கம், எதிர்ப்புச் சக்திக் குறைவு ஆகியவை ஆபத்தைக் கூட்டும். அம்மையார் அன்று குழந்தை மணத்தை எதிர்த்தது இந்த வகையிலும் பெண்களைக் காக்கும் வேலைதான்!

ஆகவே, இந்த நோயை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடாதீங்க. ஒரே கணவரோடு வாழ்ந்தவருக்கும் இது வரும். பரப்புவதில் ஆணுக்கும் பங்குண்டு.

பாப் ஸ்மியர் பரிசோதனையில், புற்றாக மாறும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். 9 முதல் 14 வயதுப் பெண்களுக்குத் தடுப்பூசி சிறந்த பலன் தரும். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டால் தள்ளிப் போடவே கூடாது.

மெஷின் பழுதாகுமுன் செக் பண்ணணும்னு லேபில் படிக்கிறோமே, நம்ம அம்மாவுக்கு அதைச் செய்தோமா? நம்ம அயனம்பாக்கத்துத் தாய்மார்கள் எத்தனையோ பேர் வெட்கத்தால் வலியை மறைப்பவர்கள். இன்றே வீட்டில் பேசுவோம். அம்மையாருக்கு அதுவே உண்மையான மாலை!