பொறுத்திருக்கச் சொன்ன பெரியவர்

மேனாட்டார் இஸ்லாத்தைத் தழுவிய செய்திகளைப் பல்லாண்டுகளாகத் திரட்டி வரும் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்தார். ஒவ்வொரு பெயரையும் வெற்றிச் சின்னம் போல எடுத்துக் காட்டி மகிழ்ந்தார். அம்மகிழ்ச்சியை யான் இகழவில்லை. ஜி. யு. போப் 1886ஆம் ஆண்டில் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டார் என வகுப்பிலே சொல்லும்போது என் குரலிலும் ஒரு பெருமிதம் ஏறுவதை யானே உணர்ந்திருக்கிறேன். ஆயினும், மேனாட்டார் ஒருவர் ஏற்றுக்கொண்டதனாலேயே நம் பொருளுக்கு மதிப்பு மிகுந்ததென எண்ணுவது பெருமையா, தாழ்வுணர்ச்சியா? இதனை ஆராயும் பொருட்டு, அவர் பட்டியலின் தலைப்பில் நின்ற மர்மடியூக் பிக்தால் என்பாரின் வரலாற்றையே அவருக்கு எடுத்துரைத்தேன்.

பிக்தால் 1875ஆம் ஆண்டில் இலண்டனிற் பிறந்தவர்; ஆங்கிலிக்கன் திருச்சபைக் குருவானவர் ஒருவரின் மைந்தர். இளமையிலேயே தந்தையை இழந்தார். ஹாரோ பாடசாலையிற் சிலகாலம் பயின்றார். இருபது வயது நிரம்பாத இளைஞராக 1894ஆம் ஆண்டளவில் எகிப்து, பாலஸ்தீனம், சிரியா ஆகிய நாடுகளிற் சுற்றித் திரிந்து அரபு மொழியைக் கற்றார். தமாஸ்கஸ் நகரப் பெரிய பள்ளிவாசலைச் சேர்ந்த முதிய அறிஞர் ஒருவரிடம் அம்மொழியின் இலக்கணத்தைப் பாடங் கேட்டார். ஒருநாள், தாம் முஸ்லிமாக விரும்புவதாக ஆசிரியரிடம் தெரிவித்தார்.

அப்பெரியவர் இசையவில்லை. ஊரிலிருக்கும் தாயை நினைக்குமாறும், வயது முதிர்ந்து தாய்நாட்டை மீண்டும் கண்டபின் முடிவு செய்யுமாறும் அறிவுறுத்தினார். தம் மகன் அயல்நாட்டிலே தனியனாய் இருக்கும்போது கிறித்தவ ஆசிரியர் ஒருவர் அவனை மதம் மாற்றினால் தம் மனம் எவ்வாறு வருந்துமோ, அவ்வாறே அத்தாயின் மனமும் வருந்தும் என்பது அவர் கருத்து.

பிக்தால் நாடு திரும்பினார். 1903ஆம் ஆண்டில் வெளிவந்த மீனவன் சயீத் என்னும் நாவலாற் புகழ் பெற்றார். 1914ஆம் ஆண்டில் மூண்ட உலகப் போரிலே பிரித்தானியாவும் துருக்கியும் பகை நாடுகளாயின. அக்காலத்தும் அவர் துருக்கியர்க்காகப் பரிந்து எழுதினார். 1917ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், இலண்டனில் நிகழ்ந்த கூட்டமொன்றிலே தம்மை முஸ்லிமென வெளிப்படையாக அறிவித்தார். தமாஸ்கஸில் விரும்பியதற்கும் இதற்குமிடையே கழிந்தவை 23 ஆண்டுகள். உலகியல் நயம் எதனையும் எதிர்பார்க்கக்கூடிய காலமன்று அது.

1920ஆம் ஆண்டில் பம்பாய் சென்று, தேசிய இயக்கத்துக்கு ஆதரவான பம்பாய் குரோனிக்கிள் பத்திரிகையின் ஆசிரியரானார். பின்னர் ஹைதராபாத் நிஜாமின் பணியிற் சேர்ந்து பாடசாலைத் தலைமையாசிரியராக விளங்கினார். சென்னையில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகள் புகழ்மாலைகள் அல்ல. கல்வியைக் கைவிட்டமை முஸ்லிம்களின் வீழ்ச்சிக்குக் காரணமென இடித்துரைத்தவை. திருக்குர்ஆனை ஆங்கிலமாக்கிய அவர், கெய்ரோ சென்று அறிஞரோடு கலந்து அதனைத் திருத்தி, 1930ஆம் ஆண்டில் வெளியிட்டார். அம்மறையை மொழிபெயர்த்தல் இயலாதென்பது அவர் துணிபு. ஆதலின் நூற்பெயரிலே பொருள் என்னும் சொல்லையே அமைத்தார். 1936ஆம் ஆண்டிற் காலமாகி, இங்கிலாந்தின் புரூக்வுட் மயானத்தில் அடக்கம் செய்யப்பெற்றார்.

கேட்டிருந்த மாணவர், வலிய வந்தவரைத் திருப்பியனுப்பிய அப்பெரியவர் தம் மார்க்கத்துக்கு இழப்பையன்றோ விளைத்தார், ஐயா, என்று வினவினார். ஓர் எண்ணை அவர் இழந்தார், அதுவும் சிலகாலத்துக்கே. ஆனால் ஒரு தாயின் மனத்தைப் புண்படுத்தாது காத்தார். ஓர் இளைஞனின் ஆர்வம் உறுதியாய் முதிர இடமளித்தார். தம் மார்க்கத்தின் மெய்ம்மையில் ஐயமற்றவர்க்கே அத்துணைப் பொறுமை வாய்க்கும். மாணவர் தம் பட்டியலைக் கிழித்தெறிய வேண்டுமென யான் கூறவில்லை. பெருமை கொள்வதாயின், வந்தவரின் நாட்டையும் நிறத்தையும் எண்ணிப் பெருமை கொள்ளற்க. பொறுத்திருக்கச் சொன்ன அப்பெரியவரை எண்ணிப் பெருமை கொள்க என்றே கூறி விடைகொடுத்தேன். போப்பின் பெயரை வகுப்பிலே சொல்லும்போது எனக்கும் அது நினைவில் நிற்றல் வேண்டும்.