கர்ப்பத்தடையும் பெரியாரும்

தந்தை பெரியார் 1879-ல் ஈரோட்டு வியாபாரக் குடும்பத்தில் பிறந்தார், வைக்கத்தில் சிறை போனார், 1925-ல் 'குடி அரசு' தொடங்கினார். இதெல்லாம், நண்பர்களே, நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். கர்ப்பத்தடைக்காக அவர் நடத்திய வாதத்தை மட்டும் எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

1930 வாக்கில் அந்தச் சொல்லைச் சபையில் சொல்லவே கூசினார்கள். ஆதரித்தவர்களும் நாட்டின் வறுமை, தாயின் உடல்நலம் என்றுதான் காரணம் சொன்னார்கள். பெரியார் அதோடு நிற்கவில்லை. பிள்ளைப்பேறு பெண்ணைக் கட்டிப்போடுகிறது, அவள் சுதந்திரமாக இருக்கவே கர்ப்பத்தடை வேணும் என்று எழுதினார். காந்தியடிகளோ புலனடக்கமே வழி என்றார்; 1935-ல் அமெரிக்காவின் மார்கரெட் சாங்கர் வார்தாவுக்கே வந்து வாதாடியும் செயற்கை முறைகளை அவர் ஏற்கவில்லை.

1952-ல் அரசாங்கமே குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் கொண்டுவந்தது. எடுத்துக்கொண்டதோ ஜனத்தொகைக் கணக்கை; பெரியார் சொன்ன காரணத்தை அல்ல. அவர் 1973-ல் மறைந்தார்.

நம்ம போடியில் விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து, போடிமெட்டு ஏறி ஏலக்காய் எடுக்கப் போகிற அக்காமாரைப் பாருங்கள். ஆணுக்குச் செய்யும் ஆபரேஷன்தான் சுலபம், வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. ஆனாலும் செய்துகொண்டு வருவது அந்த அக்காதான். ஆம்பளைக்குப் பலம் போயிடுமாம்! எத்தனை பிள்ளை வேணும் என்று முதலில் அவளிடம் யார் கேட்டார்கள்?