தமிழ்த் தூதர் தனிநாயகம் அடிகளார்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

தமிழுக்குத் தொண்டு செய்த பாதிரிமார் என்றவுடன் நம் நினைவுக்கு வருவோர் வீரமாமுனிவர், கால்டுவெல், போப் ஆகியோரே. மேலைநாட்டிலிருந்து வந்து தமிழ் கற்று, நம் மொழியின் பெருமையை நமக்கே எடுத்துக் காட்டிய பெரியோர்கள் அவர்கள். அவர்கள் வந்த பாதையில் எதிர்த் திசையில் பயணம் செய்த பாதிரியார் ஒருவரும் உண்டு. தமிழ் மண்ணில் பிறந்து, மேலைநாட்டு மொழிகளைக் கற்று, அதன் பின்னர் தமிழுக்குத் திரும்பி, அதனை உலக அரங்கில் ஏற்றி வைத்தவர் அவர். அவரே சேவியர் தனிநாயகம் அடிகளார். தமிழ் பயிலும் மாணவர்களுக்கு அவர் வழிகாட்டி என்பதை அனைவரும் அறிவர். அறிவியல் பயிலும் மாணவர்களுக்கும் அவர் வழிகாட்டியே என்பது என் எண்ணம். அதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

அடிகளார் 1913-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் நாள் இலங்கையில், யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறையைச் சேர்ந்த கரம்பொன் என்னும் சிற்றூரில் பிறந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் பயின்று, கொழும்பில் குருமடத்தில் சேர்ந்தார். 1934-இல் உரோமாபுரிக்குச் சென்று அங்குள்ள உர்பன் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்றுக் குருப்பட்டம் பெற்றார். மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த புனித சிப்பிரியன் காலத்துக் குருமாரைப் பற்றியதே அவருடைய முதல் ஆராய்ச்சி. ஆங்கிலம், இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, போர்த்துக்கீசியம் எனப் பல மொழிகள் அவருக்குக் கைவந்தன. ஆனால் தமிழ் இலக்கியத்தை அவர் முறையாகக் கற்றதில்லை.

1940-இல் நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்திற்கு வந்து, அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் பணியேற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. உரோமாபுரியில் பட்டம் பெற்ற அந்தக் கத்தோலிக்கக் குரு, பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராக அமர்ந்து தமிழ் இலக்கியம் பாடம் கேட்டார். ஆசிரியர் எந்தச் சமயத்தவர் என்பதோ, தமக்கு என்ன வயது என்பதோ அவருக்குத் தடையாகவில்லை. அந்த ஆர்வம் 1945-இல் அவரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்கு அழைத்துச் சென்றது. தம்மினும் பல ஆண்டுகள் இளையவர்களோடு அமர்ந்து தமிழ் எம்.ஏ. பட்டம் பெற்றார். பின்னர்ச் சங்கப் பாடல்களில் இயற்கை என்னும் பொருளை ஆராய்ந்து எம்.லிட். பட்டமும் பெற்றார். கிரேக்க, இலத்தீன் கவிதைகளோடு சங்கப் பாடல்களை ஒப்பிட்டு, குறிஞ்சியும் முல்லையும் நெய்தலும் உலக இலக்கியத்தில் பெறத்தக்க இடத்தை அந்த ஆராய்ச்சி காட்டியது.

இங்கே என் நிலையைச் சிறிது கூற விரும்புகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஊர்ப் பள்ளியில் தமிழில் பயின்று வந்து, கரிம வேதியியலை ஆங்கிலத்தில் கேட்டுத் திகைக்கும் மாணவர்கள் என்னைப் போல் இக்கல்லூரியில் பலர். ஆங்கிலம் வந்துவிட்டால் போதும், தமிழ் எதற்கு என்று எண்ணுவோர் நம்மில் சிலர். தமிழ் வாழ்க என்று முழங்கிவிட்டால் ஆங்கிலம் கற்கும் துன்பத்திலிருந்து தப்பலாம் என்று எண்ணுவோர் வேறு சிலர். அடிகளாரின் வாழ்வு இவ்விரு சாராருக்கும் விடை கூறுகிறது. பிற மொழிகளைக் கற்றதால் அவர் தமிழை இழக்கவில்லை. கற்ற மொழிகள் அனைத்தையும் தமிழுக்குக் கருவியாக்கினார்.

1952-இல் அவர் தொடங்கிய 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் காலாண்டிதழ் முழுவதும் ஆங்கிலத்திலேயே வெளிவந்தது. தமிழரின் பெருமையைத் தமிழரிடமே பேசிக்கொண்டிருப்பதில் பயன் குறைவு. தமிழ் அறியாத அறிஞர்களுக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதே அவர் கொள்கை. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் விரிவுரையாளராக இருந்தபோதே, பண்டைத் தமிழர் கல்விச் சிந்தனை பற்றி ஆராய்ந்து 1957-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

அவர் பணியில் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது அவருடைய தேடல். என் தந்தையார் மாமல்லபுரத்தில் கல் வேலை செய்பவர். சிலைக்குக் கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது அதைத் தட்டி ஓசை கேட்ட பின்னரே உளி வைப்பார். நல்ல கல் என்று யார் சொன்னாலும் தட்டிப் பாராமல் ஏற்கமாட்டார். அடிகளாரும் அத்தகையவரே. தமிழில் முதலில் அச்சான நூல்கள் எவை என்பதை அறிய ஐரோப்பிய நூலகங்களில் நேரில் சென்று தேடினார். 1554-இல் லிஸ்பன் நகரில் உரோமன் எழுத்தில் அச்சான தமிழ் நூல் பற்றியும், 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' பற்றியும் ஆராய்ந்து எழுதினார். அந்தாவோ தெ புரோயென்சா தொகுத்து, 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சிடப்பட்ட தமிழ் - போர்த்துக்கீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டறிந்தார். 16,000-க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்த அகராதியை 1966-இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிவரச் செய்தார். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் உறங்கிய ஏடு இவ்வாறு உயிர் பெற்றது.

தென்கிழக்கு ஆசியாவில் தமிழ்ப் பண்பாட்டின் தடங்களையும் அவர் தேடினார். பாங்காக்கில் அரண்மனைப் பிராமணர்கள் ஓதும் பாடல்களில் திருவெம்பாவை இடம்பெற்றிருப்பதை எடுத்துக் கூறினார். இத்துறை நம் கடற்கரைக்கு மிகவும் நெருக்கமானது. தென் தாய்லாந்தில் தக்குவாபா என்னுமிடத்தில் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவையும் அவனிநாரணம் என்னும் குளத்தையும் அது குறிக்கிறது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர். விடுமுறை நாளில் மாமல்லபுரத்துக் கடற்கரையில் நின்று நாம் காணும் அதே கடல்தான் பல்லவர் காலத் தமிழரை அங்கே கொண்டு சேர்த்தது.

1961-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறைக்குத் தலைவரானார். 1964-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள், புதுதில்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் உலக மாநாடு நடந்தபோது, அங்கு வந்திருந்த தமிழ் ஆய்வாளர்களை ஒன்றுகூட்டி உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவினார். இம்முயற்சியில் பேராசிரியர் வ.அய். சுப்பிரமணியம் அவருக்குத் துணை நின்றார். பிரெஞ்சு அறிஞர் ழான் பிலியோசா தலைவராகவும், அடிகளாரும் செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபிலும் செயலாளர்களாகவும் பொறுப்பேற்றனர். தலைமை இருக்கையைப் பிறருக்கு அளித்து, பணிச் சுமையைத் தாம் ஏற்றவர் அடிகளார்.

முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரிலும், இரண்டாம் மாநாடு 1968 ஜனவரியில் அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சென்னையிலும், மூன்றாம் மாநாடு 1970-இல் பாரிஸிலும் நடந்தன. நான்காவது மாநாடு 1974 ஜனவரியில் அவர் பிறந்த யாழ்ப்பாண மண்ணிலேயே கூடியது. அதன் நிறைவு நாளான 10-ஆம் தேதி, பொதுக்கூட்டத்தில் காவல்துறை புகுந்தபோது ஏற்பட்ட குழப்பத்தில் மக்கள் சிலர் உயிரிழந்தனர். மொழி ஆராய்ச்சிக்காகக் கூடிய கூட்டம் துயரத்தில் முடிந்தது. 1981 ஜனவரியில் மதுரையில் ஐந்தாம் மாநாடு கூடியபோது அடிகளார் இல்லை. 1980-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் அவர் மறைந்துவிட்டார்.

மாணவ நண்பர்களே! அடிகளார் தமிழைப் புகழ்ந்ததைவிடத் தமிழுக்காக உழைத்ததே அதிகம். நூற்பட்டியல் தொகுப்பது, பழைய ஏடுகளைத் தேடுவது, கடிதம் எழுதி அறிஞர்களை இணைப்பது ஆகிய பணிகளுக்குக் கைதட்டல் கிடைப்பதில்லை. எனினும் அவையே நிலைத்தன. சோதித்துப் பார்க்காமல் எதையும் ஏற்கக்கூடாது என்று ஆய்வுக்கூடத்தில் நாம் கற்கிறோம். அந்த நெறியைத் தாய்மொழிக்கும் பொருத்தியவர் அவர். நாம் பயிலும் அறிவியலை நம் வீட்டாருக்குப் புரியும் தமிழில் எடுத்துச் சொல்லவும், நம் ஊர்க் கோயில்களின் கல்வெட்டுகளை உலகுக்குப் புரியும் ஆங்கிலத்தில் எழுதவும் முற்படுவோம். அதுவே அந்தத் தமிழ்த் தூதருக்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றிக் கடனாகும்.