ஆறு கை கொண்ட உலோகம்



பாலிடெக்னிக் என்றால் சிலருக்கு இளக்காரம். அவர்களிடம் ஆல்பிரட் வெர்னர் கதையைச் சொல்லுங்கள். வேதியியலில் நாம் படிக்கும் அணைவுச் சேர்மங்களின் தந்தை இவர்தான்.

1866 டிசம்பர் 12இல் அல்சாஸ் பகுதியின் முலூஸ் நகரில் பிறந்தார். அப்பா பவுண்டரித் தொழிலாளி. மகன் படித்தது தொழிற்பள்ளியில். 18 வயதிலேயே சொந்தமாக ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டார். பிறகு சுவிட்சர்லாந்துக்குப் போய், சூரிச் பாலிடெக்னிக்கில் சேர்ந்து, 1889இல் தொழில்நுட்ப வேதியியலில் பட்டயம் பெற்றார்.

அந்தக் காலத்தில் ஒரு புதிர் இருந்தது. கோபால்ட் குளோரைடோடு ஆறு அம்மோனியா சேர்ந்தால் மஞ்சள், ஐந்து சேர்ந்தால் ஊதா, நான்கு சேர்ந்தால் பச்சை. எல்லாவற்றிலும் மூன்று குளோரின்தான். ஆனால் சில்வர் நைட்ரேட் ஊற்றினால் முதலாவதில் மூன்றும் வீழ்படிவாகும், அடுத்ததில் இரண்டு, கடைசியில் ஒன்றுதான். மிச்சம் எங்கே போச்சு?

டென்மார்க்கின் புகழ்பெற்ற பேராசிரியர் யோர்கன்சன், அம்மோனியா சங்கிலி போலக் கோத்திருக்கிறது என்று விளக்கினார். 1893இல், 26 வயது வெர்னர் அதை மறுத்தார். உலோகத்துக்கு முதன்மை இணைதிறன் மட்டுமல்ல, துணை இணைதிறனும் உண்டு. கோபால்ட் ஆறு பேரை எண்முகியின் ஆறு மூலையிலும் நேராகப் பிடித்திருக்கிறது. அந்தப் பிடிக்குள் போன குளோரின் சுலபத்தில் வெளியே வராது என்றார். இத்தனைக்கும் அந்தச் சேர்மங்களை அவர் அதுவரை தன் கையால் செய்து பார்த்ததில்லை. பெரும்பாலும் யோர்கன்சனின் சோதனைகளைத்தான் ஆதாரமாகக் கொண்டார்.

சும்மா சொன்னால் யார் நம்புவார்கள்? சூரிச் பல்கலைக்கழகத்தில் வெளிச்சமில்லாத நிலவறை ஆய்வுக்கூடத்தில் மாணவர்களோடு வருஷக்கணக்காக உழைத்தார். நான்கு அம்மோனியா சேர்மத்துக்குப் பச்சை மட்டுமல்ல, இன்னொரு வடிவமும் இருந்தாக வேண்டும் என்பது அவர் கணக்கு. 1907இல் அந்த ஊதா நிற வடிவம் கைக்கு வந்தது. யோர்கன்சன் பெருந்தன்மையோடு தோல்வியை ஒப்புக்கொண்டார். 1911இல் எத்திலீன்டையமீன் என்ற கரிமப் பொருளைக் கோபால்ட்டோடு பிணைத்த சேர்மத்தை, இடக்கை வலக்கை போன்ற இரு வடிவங்களாகப் பிரித்தும் காட்டினார். 1913இல் நோபல் பரிசு. 1919 நவம்பர் 15இல், 52 வயதில் மறைந்தார்.

இன்று உலோகத்தை மூலையாகவும் கரிம மூலக்கூறைச் சட்டமாகவும் வைத்துக் கட்டப்படும் உலோக-கரிமக் கட்டமைப்புகளுக்கு அடித்தளம் அந்த எண்ணம்தான். அவற்றில் சில வினையூக்கிகள், சில குறைகடத்திகள். இந்தத் துறைக்காக 2025இல் கிட்டகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் நோபல் கிடைத்தது.

எங்க வீட்டில் முதல்முதலாகப் படிக்க வந்தவன் நான். உங்களிலும் பலர் அப்படித்தான். பெரியவர்கள் சொன்னதற்கு மேல் நாம என்ன சொல்லிவிட முடியும் என்று தோன்றும். பவுண்டரிக்காரர் மகன் அப்படி நினைக்கவில்லை. ஆனால் சொன்னதோடு நிற்காமல், நிரூபிக்கப் பதினெட்டு வருஷம் பாடுபட்டார். அடுத்த முறை லேபில் சில்வர் நைட்ரேட் பாட்டிலைத் திறக்கும்போது அவரை நினைத்துக்கொள்வோம்.

– இரண்டாமாண்டு மாணவன், வேதிப் பொறியியல் பிரிவு